பூனைகளில் பார்வையிழப்பு

பூனைகளில் பார்வையிழப்பு என்பது பூனையொன்று ஒரு கண்ணிலோ இரு கண்களிலுமோ பார்க்கும் திறனைப் பகுதியாகவோ முழுமையாகவோ இழந்திருக்கும் நிலை ஆகும். இது தனியொரு நோயன்று. தொற்றுநோய்கள், உயர் இரத்த அழுத்தம், ஊட்டக்குறைபாடு, மரபுக் குறைபாடுகள், மருந்துகளின் தீய விளைவு, காயங்கள் முதலிய பல காரணங்களால் இது ஏற்படுகின்றது. தெருவிலிருந்தோ விலங்குக் காப்பகத்திலிருந்தோ தத்தெடுக்கப்படும் பூனைகளின் முந்தைய வரலாறு பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே அவற்றின் பார்வையிழப்புக்கான காரணத்தைக் கண்ணையும் உடலையும் சோதித்தே அறிய வேண்டியுள்ளது. சில காரணங்களால் இழந்த பார்வை மீள்வதில்லை. வேறு சிலவற்றில் விரைவாக மருத்துவம் செய்தால் பார்வை மீளக்கூடும். அத்துடன், கண்ணில் தோன்றும் குறை சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தான வேறொரு நோயின் முதல் அடையாளமாகவும் அமைகின்றது.

பூனையின் கண்

ஒளியானது கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலம், பாவை, வில்லை ஆகியவற்றின் வழியாகச் சென்று பின்புறமுள்ள விழித்திரையை அடைகின்றது. அங்கு உண்டாகும் நரம்புத் துடிப்புகளைப் பார்வை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கின்றது. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. இரவில் பூனையின் கண்கள் ஒளிர்வதற்கு இதுவே காரணம். இப்பாதையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் பார்வை பாதிக்கப்படும். எனவே காரணங்களைக் கண்ணின் முன்பகுதி, விழித்திரை, பார்வை நரம்பும் மூளையும் எனப் பகுத்து ஆராய்வது வழக்கம்.

அறிகுறிகள்

பார்வையைச் சிறிது சிறிதாக இழக்கும் பூனை மோப்பத்தாலும் செவியாலும் மீசை மயிர்களாலும் வீட்டின் அமைப்பை நன்கு அறிந்துகொள்கின்றது. இதனால் முழுமையாகப் பார்வை இழந்த பின்னரும் பல மாதங்கள் எவரும் அதை அறியாதிருக்கலாம். புதிய வீட்டுக்கு வரும்போதோ, வீட்டிலுள்ள பொருட்களை இடம் மாற்றும்போதோ தான் குறை வெளிப்படும். தத்தெடுத்த முதல் நாட்களில் பூனை சுவரோரமாகவே நடப்பதும், பொருட்களில் மோதுவதும், உயரத்திலிருந்து குதிக்கத் தயங்குவதும் புதிய இடத்தின் அச்சம் என்று தவறாகக் கருதப்படுவதுண்டு. நல்ல வெளிச்சத்திலும் பாவைகள் அகன்றே இருத்தல், கண் மங்கலாகவோ சிவந்தோ காணப்படல், இரு பாவைகளும் வெவ்வேறு அளவில் இருத்தல் ஆகியன கவனிக்க வேண்டிய பிற அறிகுறிகள் ஆகும்.

காரணங்கள்

தொற்றுநோய்கள்

குட்டிகளின் பார்வையிழப்புக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று பூனை எர்ப்பீசுத் தீநுண்மம் (வைரசு) ஆகும். இது தும்மல், மூக்கொழுகல் ஆகியவற்றுடன் கண்ணையும் தாக்குகின்றது. குட்டிகள் பிறந்து ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களில் கண் திறக்கின்றன. அதற்கு முன்னரே தொற்று ஏற்பட்டால் மூடிய இமைகளுக்குப் பின்னால் சீழ் தேங்கி விழிவெண்படலம் புண்ணாகிறது. புண் ஆறும்போது இமையின் உட்படலம் விழிவெண்படலத்துடன் ஒட்டிக்கொள்ளலாம். புண் ஆழமானால் விழி துளைபட்டு அழியலாம். தெருவில் பிறந்த குட்டிகள் பலவற்றின் கண்கள் சுருங்கியோ வெண்மை படர்ந்தோ இருப்பதற்கு இத்தகைய தொற்று பெரும்பாலும் காரணமாகிறது.

கண்ணின் உட்பகுதியில் ஏற்படும் அழற்சி மற்றொரு காரணமாகும். பூனை இரத்தப் புற்றுத் தீநுண்மம், பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டுத் தீநுண்மம், கொரோனா தீநுண்மத்தால் உண்டாகும் பூனைத் தொற்று வயிற்றுறை அழற்சி, தாக்சோபிளாசுமா எனும் ஒட்டுண்ணி ஆகியன இதனைத் தோற்றுவிக்கின்றன. பூனைகளில் கண்புரையும் கண் அழுத்த நோயும் பெரும்பாலும் இவ்வழற்சியின் தொடர் விளைவுகளாகவே வருகின்றன.

உயர் இரத்த அழுத்தம்

வயது முதிர்ந்த பூனை திடீரெனப் பார்வை இழந்தால் முதலில் ஐயுறப்படுவது உயர் இரத்த அழுத்தம் ஆகும். நாட்பட்ட சிறுநீரக நோயும், தைராய்டுச் சுரப்பி மிகையாகச் சுரத்தலும் இதற்கு வழக்கமான காரணங்கள். சுருங்கழுத்தம் 160 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் நிலைத்திருப்பின் அது உயர் இரத்த அழுத்தமாகக் கொள்ளப்படுகின்றது. அழுத்தம் மிகும்போது விழித்திரையின் கீழ் நீர் கசிந்து, விழித்திரை தன் இடத்திலிருந்து பெயர்கின்றது. கண்ணுள் குருதிக் கசிவும் ஏற்படலாம். அம்லோடிப்பின் முதலிய மருந்துகளால் அழுத்தத்தை உடனே குறைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டி, ஓரளவு பார்வை திரும்பக்கூடும். காலம் தாழ்த்தினால் விழித்திரை உயிரணுக்கள் அழிந்துவிடும்.

ஊட்டக்குறைபாடு

பூனை ஓர் ஊனுண்ணி. விழித்திரைக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டாரின் எனும் பொருளைப் பூனையின் உடலால் தேவையான அளவு ஆக்க முடியாது; அதை இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை சிதைவுறும் என்பது 1975 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது. அதே குறைபாடு இதயத்தசை நோயையும் உண்டாக்குகின்றது என்பது 1987 ஆம் ஆண்டு வெளிப்பட்டது. நாய்களின் உடல் டாரினை ஆக்க வல்லது என்பதால் நாய் உணவில் அது போதிய அளவு இல்லாதிருக்கலாம். நாய் உணவையோ, பாலும் சோறும் மட்டுமோ நெடுங்காலம் உண்ட பூனைகள் இக்குறைபாட்டுக்கு உள்ளாகலாம். டாரின் கொடுத்தால் சிதைவு நிற்கும். ஆனால் ஏற்கெனவே அழிந்த உயிரணுக்கள் மீள்வதில்லை.

மரபுக் குறைபாடுகள்

அபிசீனியப் பூனைகளில் விழித்திரை படிப்படியாகச் சிதையும் ஒரு பரம்பரை நோய் உண்டு. இது பின்னடைவுப் பண்பாகக் கடத்தப்படுகின்றது. அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்ற குட்டியே நோயுறும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2007 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இந்நோயுள்ள பூனைகள் பிறக்கும்போது இயல்பான பார்வையுடன் இருந்து, பெரும்பாலும் 3 முதல் 5 வயதளவில் பார்வையை இழக்கின்றன. பாரசீகப் பூனைகளில் காணப்படும் வேறொரு வகையில் சுமார் நான்கு மாதங்களிலேயே பார்வை போய்விடுகின்றது.

மருந்துகள்

என்ரோபிளாக்சசின் எனும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து அதிக அளவில் கொடுக்கப்படும்போது பூனைகளின் விழித்திரையைத் தாக்கிப் பார்வையை இழக்கச் செய்யலாம். எனவே பூனைகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இதனைக் கொடுக்கலாகாது.

காயங்களும் மூளைப் பாதிப்பும்

வாகனங்களில் அடிபடுதல், சண்டையில் நகம் கீறுதல் ஆகியவற்றால் விழியோ பார்வை நரம்போ சிதையலாம். மயக்க மருந்து கொடுத்துப் பல் மருத்துவம் போன்றவற்றைச் செய்த பின் சில பூனைகள் பார்வை இழப்பதுண்டு. வாயைக் கருவியால் மிக அகலமாகத் திறந்து வைக்கும்போது மூளைக்குச் செல்லும் குருதி குறைவது இதற்கு ஒரு காரணமாகும். இவ்வாறு பார்வை இழந்த 20 பூனைகளைப் பற்றி 2012 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் பெரும்பாலானவை பார்வையை மீண்டும் பெற்றன.

காரணத்தைக் கண்டறிதல்

கால்நடை மருத்துவர் பின்வரும் சோதனைகளைப் பயன்படுத்துவர்.

• கண்ணை நோக்கிக் கையை விரைவாகக் கொண்டு செல்லுதல்: பார்வையுள்ள பூனை கண்ணை இமைக்கும். காற்று கண்ணில் படாதவாறு செய்ய வேண்டும். இது கற்றுக்கொள்ளும் எதிர்வினை என்பதால் இளங்குட்டிகளில் காணப்படாது.
• பஞ்சு உருண்டையைக் கண்முன் விழச் செய்தல்: ஓசையும் மணமும் இல்லாததால் பார்வையுள்ள பூனையே அதைத் தொடர்ந்து நோக்கும்.
• பாவையின் ஒளி எதிர்வினை: மூளைப் புறணியில் மட்டும் பாதிப்பு இருப்பின் பார்வை இல்லாவிடினும் பாவை சுருங்கும். ஆகவே பாவை சுருங்குவது பார்வை உண்டு என்பதற்குச் சான்றாகாது.
• கண்ணோக்கிக் கருவியால் விழித்திரையைப் பார்த்தல், கண்ணழுத்தம் அளத்தல், நிறமியிட்டு விழிவெண்படலப் புண்ணைக் காணல்.
• இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல், தைராய்டுச் சுரப்பு, தீநுண்மத் தொற்று ஆகியவற்றுக்கான சோதனைகள்.

தத்தெடுத்த பூனையின் வயது, இனம், பழைய தழும்புகள், முன்பு உண்ட உணவு ஆகியன காரணத்தை அறியத் துணை செய்கின்றன. பார்வையிழப்பு திடீரென ஏற்பட்டாலும், கண்ணில் வலியோ மங்கலோ தோன்றினாலும் அதை அவசர நிலையாகக் கருதி அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். மனிதருக்கான கண் சொட்டு மருந்துகளைத் தாமாக இடுதல் தவறு. இசுட்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விழிவெண்படலப் புண்ணை மேலும் மோசமாக்கும்.

பராமரிப்பு

பார்வை மீளாத பூனையும் நல்வாழ்வு வாழ முடியும். உணவு, நீர், கழிவுத் தட்டு ஆகியவற்றை இடம் மாற்றாது வைத்தல், தொடுமுன் குரல் கொடுத்தல், மாடங்களுக்கும் கிணற்றுக்கும் தடுப்பு அமைத்தல், வெளியே தனியாக விடாதிருத்தல் ஆகியன அடிப்படைத் தேவைகள். புதிதாக வந்த பூனையை முதலில் ஒரே அறையில் வைத்து, அதனைப் பழகிய பின் பிற அறைகளுக்கு விடுவது நன்று.

அமெரிக்காவின் மயாமி நகரில் கடும் கண் தொற்றால் இரு விழிகளும் அகற்றப்பட்ட ஒரு குட்டியை 1997 ஆம் ஆண்டு குவென் கூப்பர் எனும் எழுத்தாளர் தத்தெடுத்தார். பார்வையற்றவராகக் கருதப்படும் கிரேக்கக் கவிஞரின் நினைவாக அதற்கு ஓமர் எனப் பெயரிட்டார். அதன் வாழ்வைக் கூறும் அவரது நூல் 2009 ஆம் ஆண்டு வெளியானது. ஓமர் 2013 ஆம் ஆண்டு இறந்தது. அது ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தது.