நியூட்ரினோ ஆய்வக முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம்

நியூட்ரினோ ஆய்வக முனைவர் பட்டப் பயிற்சித் திட்டம் என்பது, தேனி மாவட்டம் போடி மேற்கு மலையில் பொட்டிபுரம் அருகே திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்திற்கு இளம் ஆய்வாளர்களை உருவாக்க 2008-இல் தொடங்கப்பட்டதாகும்.

மாணவர்கள் முதலாண்டில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பாடங்களைக் கற்றனர். பின்னர், திட்டத்தில் பங்கேற்ற நிறுவனங்களில் நெறியாளரின் கீழ் ஆய்வு செய்தனர். பட்டம் வழங்குவது ஓமி பாபா தேசிய நிறுவனம்.

2015-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தும், மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் மலைக்குள் சுரங்கம் குடையப்படவில்லை. அங்கு நிறுவப்பட வேண்டிய காந்த இரும்பு உணர்கருவியின் எடை சுமார் 50,000 டன். மாணவர்களுக்குக் கிடைத்ததோ மதுரையில் அமைந்த 85 டன் மாதிரிக் கருவி. அதில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை அளந்து பழகினர். கட்டப்படாத பெருங்கருவியின் செயல்பாட்டைக் கணினியில் உருவகப்படுத்தியும் பலர் ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றனர்.