எல்லைக்கோட்டில் மது – 9: தலைவலிக்கு எந்த பிராண்ட் பொறுப்பு?

சென்ற வாரம் வில்லியனூர் ஆரியப்பாளையத்து வடிசாராய ஆலையைப் பார்த்தோம். இந்த வாரம் பீர்.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடலூர் எல்லையை ஒட்டியிருக்கும் முள்ளோடையில், ஞாயிற்றுக்கிழமை மாலை எந்தப் பிராந்திக் கடை முன்னால் நின்றாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். கேட்ட பீர் இல்லை என்று கவுன்டரில் இருப்பவர் வேறொன்றை எடுத்து வைப்பார். "ஐயோ, அது வேணாண்ணா. காலையில தலையப் பொளக்கும்" என்று கை பின்வாங்கும். அடுத்து நிற்பவர், "எனக்கு அதைத்தான் குடுங்க. இன்னொன்னு குடிச்சாத்தான் தலைவலி" என்பார். இருவரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். இருவருக்கும் நடுவில் அந்த பாட்டில் பாவமாக வியர்த்துக்கொண்டிருக்கும்.

யார் சொல்வது சரி? இரண்டு பேருக்குமே தலை வலித்தது நிஜம். காரணம் பிராண்டா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தப் பெயர்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தென்னிந்தியாவின் ஐந்து சிறு பீர் ஆலைகளை ஒன்றாக்கி 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது யுனைடெட் புரூவரீஸ். அந்த ஐந்தில் நீலகிரி ஆலையும் ஒன்று. பிறகு விட்டல் மல்லையா, அவருக்குப் பின் மகன் என்று வந்து, 2021-இல் கட்டுப்பாடு நெதர்லாந்தின் ஹைனகன் கைக்குப் போனது. ஆக கிங்ஃபிஷரும் ஹைனகனும் இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹேவர்ட்ஸ் 5000 ஷா வாலஸிடமிருந்து சாப்மில்லருக்குப் போய், 2016-இல் ஏபி இன்பெவ் குடும்பத்தில் சேர்ந்தது. பட்வைசரும் அந்த வீடுதான். அலமாரியில் முறைத்துக்கொண்டு நிற்கும் பெயர்களில் பெரும்பகுதி இரண்டு மூன்று முதலாளிகளுக்குள் அடங்கிவிடும். உள்ளே போகும் சாமானும் ஏறத்தாழ ஒன்றே: பார்லி மால்ட், செலவைக் குறைக்க அரிசி அல்லது மக்காச்சோளம், சர்க்கரை, கசப்புக்கு ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட்.

இவை எல்லாமே லாகர் வகை. குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்கவைத்து, பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் பல நாள் கிடப்பில் போட்டுத் தெளியவைக்கும் பீர். இன்று உலகம் குடிக்கும் பொன்னிற லாகருக்கு 1842-இல் செக் நாட்டு பில்சன் நகரம் அச்சு வார்த்தது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்த பிறகு, ஒவ்வொரு காய்ச்சலும் ஒரே மாதிரி வர ஆரம்பித்தது.

அந்தக் கிடப்பு நாட்கள் சும்மா போவதில்லை. புளிக்கும்போது ஈஸ்ட் வெளியே தள்ளிய அசிட்டால்டிஹைடு முதலான பொருள்களை, கிடப்பில் அதே ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால் பச்சை ஆப்பிள் வாசம் மிஞ்சும். "சரியா ஊறாத பீருதான் தலைவலி" என்று பாரில் ஒருவர் பேராசிரியர் தோரணையில் சொன்னால், அதில் துளி உண்மை இருக்கிறது. துளிதான். நன்கு முதிர்ந்த பீரில் அசிட்டால்டிஹைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம். அவசரத்தில் அடைத்ததில் அதைப்போல் சில மடங்கு இருக்கலாம். ஆனால் நாம் குடிக்கும் ஆல்கஹாலை எரிக்கும் வழியில் நம் ஈரலே அதே அசிட்டால்டிஹைடைத்தான் உண்டாக்குகிறது. 7 சதவீத பீர் ஒரு பாட்டில் உள்ளே போனால், அங்கே உருவாகி, உடனுக்குடன் எரிந்து கழிவது மொத்தம் 34 கிராம் அளவுக்கு வரும். ஆலைக்காரன் விட்டுவைத்தது மில்லிகிராம் கணக்கு, நம் உடம்பு செய்துகொள்வது கிராம் கணக்கு. சண்டையை யாரோடு போடுவது?

அடுத்தது கிளிசரின். "இந்தியப் பீரில் கெடாமல் இருக்க கிளிசரின் ஊற்றுகிறார்கள், அதனால்தான் தலைவலி" என்பது நம் ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளிடம் நெடுங்காலமாகச் சுற்றும் கதை. அதை நிரூபிக்க ஒரு வித்தையும் உண்டு. ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் எடுத்து, திறந்த பாட்டிலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் கவிழ்த்து, வாய் தண்ணீருக்குள் மூழ்கியதும் விரலை எடுக்க வேண்டும். உடனே கழுத்திலிருந்து எண்ணெய் போல, நெளிநெளியாக, கண்ணாடி நூலிழையாக ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். "பாத்தியா, கிளிசரின்!"

இறங்குவது பீர்தான். புளித்தது போக மிஞ்சிய சர்க்கரைச் சத்து இருப்பதால் பீர் பொதுவாகத் தண்ணீரைவிட ஒரு சதவீதம் போல எடை கூடியது. அது கீழே வர, அதன் இடத்துக்குத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது. கவனித்துப் பார்த்தால் பாட்டிலின் நிறம் கழுத்திலிருந்து வெளுத்துக்கொண்டே போவது தெரியும். கிளிசரின் பீரில் இருப்பது உண்மை. புளிக்கும்போது ஈஸ்ட்டே லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உண்டாக்கும். ஜெர்மன் பீரிலும் உண்டு, ஒயினில் இன்னும் அதிகம். அதனால் தலை வலிக்காது. வித்தை செய்து குடித்தவருக்குக் காலையில் தலை கொஞ்சம் லேசாக இருந்தால், அவர் குடித்தது தண்ணீர் கலந்த பீர் என்பதுதான் காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். தோள்பட்டையில் பழைய பாட்டில் திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பப்பட்டதற்கான வெள்ளைத் தேய்மான வளையம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் பெயர். ஓரத்தில் பேட்ச் எண், தேதி, எச்சரிக்கை வாசகம். அந்தப் பொடி எழுத்துகளுக்கு நடுவே, ஸ்ட்ராங் பீர் பலவற்றில் ஆல்கஹால் அளவு 5 சதவீதத்துக்கு மேல், 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று இருக்கும். இது ஓர் அளவா? தையற்காரரிடம் இடுப்பளவு கேட்டால் இருபத்தெட்டுக்கு மேல், நாற்பதுக்கு மிகாமல் என்று சொல்வது போல இருக்கிறது.

கணக்குப் போடுவோம். பெரிய பாட்டில் 650 மில்லி. 5 சதவீதம் என்றால் அதில் 32 மில்லி சொச்சம் சுத்த ஆல்கஹால். 8 சதவீதம் என்றால் 52 மில்லி. வித்தியாசம் ஒன்றரை மடங்குக்கு மேல். பிராந்தி, விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம், 90 மில்லி கட்டிங்கில் 38 மில்லி சொச்சம். ஆக முழு வீரியமுள்ள ஒரு ஸ்ட்ராங் பீர் ஒரு கட்டிங்கைத் தாண்டி, இரண்டு லார்ஜுக்குச் சமமாகிறது. மூன்று அடித்தால் இரண்டு குவார்ட்டரையும் தாண்டியதாகவே கணக்கு. "நான் ஹாட் தொடறதில்லண்ணா, வெறும் பீருதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங்தான். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வருபவருக்குக் கொடுக்கும் காசுக்கு ஏறுகிறதா என்பதே கேள்வி. அதில் தப்பும் இல்லை. நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூரிலும், தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்குப் போகும் வில்லியனூர்ப் பக்கத்திலும் காலை ஏழு மணி என்பது வேலை நேரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரவு 9 மணியிலிருந்து 11 மணிக்குள் 7 சதவீத பீர் மூன்று பாட்டில் குடித்தால், மறுநாள் காலை 7 மணிக்கும் அவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற வாகனச் சட்ட வரம்பைத் தாண்டியே இருக்கும். ஈரலை வேகப்படுத்த முடியாது. குளித்தாலும் சரி, டிகாஷன் காபி குடித்தாலும் சரி. தலைவலியின் உச்சம் இன்னும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. ரத்தத்தில் ஆல்கஹால் வடிந்து பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் அது வரும். மதியம் கொத்தனார் கையில் கரண்டி நடுங்குவது அப்போதுதான்.

பிராண்டுக்குப் பங்கே இல்லையா? கொஞ்சம் உண்டு. ஆல்கஹாலோடு சேர்ந்து வரும் மற்ற பொருள்கள் கூடினால் மறுநாள் அவஸ்தையும் கூடும் என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகக் குழு 2010-இல் காட்டியது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது வோட்காவையும் போர்பன் விஸ்கியையும். போர்பனில் அந்தப் பொருள்கள் 37 மடங்கு அதிகம். லாகருக்கும் லாகருக்கும் அப்படி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கிடையாது. சர்க்கரையைக் கூட்டி, சூட்டில் வேகமாகப் புளிக்கவைத்த ஸ்ட்ராங்கில் இவை சற்று ஏறலாம். ஆனால் அந்த பாட்டிலில் அதைவிட ஏறியிருப்பது ஆல்கஹாலேதான்.

பீரையும் பிராந்தியையும் சேர்த்து அடிப்பவர்கள் கேட்கும் கேள்வி: எதை முதலில் குடிப்பது? ஜெர்மனியில் 90 பேரை வைத்து இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு முதலில் லாகர், பிறகு வெள்ளை ஒயின், இன்னொன்றுக்குத் தலைகீழ், மூன்றாவதற்கு ஏதேனும் ஒன்று மட்டும். மறுநாள் அவஸ்தையில் வித்தியாசமே இல்லை. அதை முன்கூட்டிக் காட்டியவை இரண்டே: எவ்வளவு போதை ஏறியதாகத் தோன்றியது, வாந்தி எடுத்தாரா.

கத்திரி வெயிலில் தாகத்துக்கு பீர் என்பது இன்னொரு நம்பிக்கை. ஆல்கஹால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்கிவிடும். அதனால் சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே போகும். நீராகாரமும் மோரும் காலையில் இதமாக இருப்பது அந்த நீரையும் உப்பையும் திருப்பித் தருவதால்தான், முறிமருந்து என்பதால் அல்ல. காலையில் இன்னொரு கட்டிங் போட்டால் தலைவலி தள்ளித்தான் போகும், அதுவும் வட்டியோடு.

ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. குடித்த மறுநாள் பார்வை மங்கினால், கண்முன் பனி மூட்டமாகத் தெரிந்தால், அது ஹேங்ஓவர் இல்லை, மெத்தனால். உரிமம் பெற்ற ஆலையின் பீரில் அதற்கு இடமில்லை, கள்ளச்சாராயத்தில் உண்டு. 2023 மே மாதம் நமக்குப் பக்கத்திலிருக்கும் மரக்காணத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது அதுதான். கருணாபுரம் சம்பவத்தில் இறந்தவர்கள் அறுபதுக்கும் மேல். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காமல், நேராக ஜிப்மருக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள்.

மற்றபடி முள்ளோடைக் கவுன்டரில் சண்டை போடும் இரண்டு அண்ணன்களுக்கும் என் தீர்ப்பு: பிராண்டை விடுங்கள், சதவீதத்தைக் கேளுங்கள். கேட்டால் சொல்ல கவுன்டரில் இருப்பவருக்கும் வழியில்லை, ஏனென்றால் பாட்டிலில் அது இல்லை. எச்சரிக்கை வாசகம் அச்சடிக்க இடமிருக்கும் லேபிளில் 6.5 என்றோ 7.2 என்றோ ஓர் எண்ணுக்கும் இடமிருக்கும். புதுச்சேரியில் விற்கும் ஒவ்வொரு பீர் பாட்டிலிலும் ஆல்கஹாலின் சரியான சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி கலால் துறை உத்தரவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: கள்ளுக்கடை)