ஒரு நெட்வொர்க், இரண்டு கணக்குப் புத்தகம்

கிரிப்டோகரன்சி நெட்வொர்க்கிற்குத் தலைமை அலுவலகம் கிடையாது. பல நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரே கணக்குப் புத்தகத்தின் நகலை வைத்துக் கொண்டு, ஒரே விதிகளின்படி இயங்குகின்றன. விதியை மாற்ற வேண்டும் எனச் சிலரும், கூடாது எனச் சிலரும் நின்றால் என்ன ஆகும்? 2016ல் எதீரியம் நெட்வொர்க்கில் இதுதான் நடந்தது.

ஓட்டை எங்கே?

எதீரியத்தில் 'தி டிஏஓ' என்ற முதலீட்டு நிதி, மேலாளர் இல்லாமல், புரோகிராம் மூலமே இயங்கியது. சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயங்கள் இதில் சேர்ந்தன. பணம் கேட்டால் முதலில் கொடுத்துவிட்டு, பிறகே கணக்கில் கழிக்கும்படி அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. ஜூன் 17 அன்று ஒருவர், கழிப்பதற்குள் மீண்டும் மீண்டும் கேட்டு, சுமார் 36 லட்சம் ஈதரை உருவிவிட்டார். அதை அவர் வெளியே எடுக்க ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். முடிவெடுக்க இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

இரு தரப்பு

விதியை ஒருமுறை மாற்றி, பணம் போட்டவர்களுக்கே திருப்பித் தரலாம் என்றனர் எதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் உள்ளிட்டோர். ஓட்டை டிஏஓவில்தான், எதீரியத்தில் இல்லை. இன்று ஒருவருக்காகக் கணக்கைத் திருத்தினால் நாளை யார் கேட்டாலும் திருத்த வேண்டி வரும் என்றனர் எதிர்த்தவர்கள்.

இணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கையில் உள்ள ஈதரின் அளவே வாக்கின் பலம். வாக்குகளில் பெரும்பான்மை மாற்றத்தை ஆதரித்தது. ஆனால் மொத்த ஈதரில் பத்தில் ஒரு பங்குகூட வாக்களிக்கவில்லை. அடுத்து வந்த 'கெத்' சாப்ட்வேர் அப்டேட்டில் மாற்றத்தை ஏற்பதே டீபால்ட் செட்டிங். எதிர்ப்பவர்தான் அதை மாற்ற வேண்டும். டீபால்ட்டை எத்தனை பேர் மாற்றுவார்கள்?

ஜூலை 20ல் நெட்வொர்க் பிரிந்தது. பழைய பக்கம் சில நாட்களில் அணைந்துவிடும் எனப் பலர் நினைத்தனர். ஆனால் ஜூலை 24ல் போலோனியெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் பழைய நாணயத்தை 'எதீரியம் கிளாசிக்' என்ற பெயரில் விற்பனைக்குச் சேர்த்தது. விலை கிடைத்ததால் மைனிங் செய்பவர்களும் வந்தனர். கொள்கை மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. சிறிய பக்கத்திற்குப் பாதுகாப்பும் குறைவு. 2020 ஆகஸ்டில் எதீரியம் கிளாசிக் மீது அடுத்தடுத்து 51 சதவீதத் தாக்குதல்கள் நடந்தன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* பிரிவுக்கு முன் 10 நாணயம் இருந்தால், பின் இரண்டு பக்கமும் 10 இருக்கும். ஆனால் ஒரு பக்கம் அனுப்பும் பரிமாற்றம் மறுபக்கமும் செல்லுபடியாகலாம். 2016ல் இப்படிப் பலர் நாணயங்களை இழந்தனர். இதற்குத் தடுப்பு உள்ளதா எனத் தெரியும் வரை எதையும் அனுப்ப வேண்டாம்.

* நாணயம் எக்ஸ்சேஞ்சில் இருந்தால் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, அந்த நிறுவனம். ரகசியச் சாவி உங்களிடம் இருந்தால்தான் முடிவும் உங்களுடையது.