சமாதியிலிருந்து புறப்படும் அரசியல்

டெல்லியின் யமுனைக் கரையில் தனித்தனிச் சமாதிகளின் காலம் முடிந்துவிட்டது. தலைவர்கள் சொந்த ஊர் மண்ணுக்கே திரும்புகிறார்கள். வாரிசுச் சண்டைகளும் கூடவே வருகின்றன.

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில், வேம்பள்ளியைத் தாண்டி, குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது இடுபுலபாயா. நகரம் என்று சொல்ல எதுவும் இல்லாத இடம். ஆனால் கடந்த 15 ஆண்டுகளில் ஆந்திர அரசியலில் நடந்த முக்கியமான புறப்பாடுகள் பல இங்கிருந்துதான் நடந்திருக்கின்றன. கட்சி தொடங்கியது இங்கே. பாதயாத்திரைகள் கிளம்பியது இங்கிருந்து. வேட்பாளர் பட்டியல் வாசிக்கப்பட்டதும் இங்கேதான். காரணம், ஒரு கல்லறை.

2009 செப்டம்பர் 2-ம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி இறந்தார். நல்லமலைக் காட்டில் மறுநாள் கண்டெடுக்கப்பட்ட உடல், 4-ம் தேதி இடுபுலபாயாவில் உள்ள குடும்பப் பண்ணை நிலத்தில் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யப்பட்டது. அந்தப் பண்ணைக்கே ஒரு முன்கதை உண்டு. அரசு ஏழைகளுக்கு ஒப்படை செய்த நிலங்கள் தன் குடும்பத்தின் வசம் இருந்ததை 2006-ல் சட்டப்பேரவையில் ஒப்புக்கொண்டு, அவற்றைத் திருப்பித் தருவதாக அறிவித்தவர் அவர். அவர் ஆட்சியில் 2008-ல் தொடங்கப்பட்ட மூன்று கிராமப்புறத் தொழில்நுட்பக் கல்வி வளாகங்களில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. அவர் இறந்த மறு ஆண்டு மாவட்டத்துக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. 2025-ல் சந்திரபாபு நாயுடு அரசு ‘கடப்பா’வைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனாலும் ஒய்.எஸ்.ஆர். பெயரை எடுக்கவில்லை. ‘ஒய்.எஸ்.ஆர். கடப்பா’ என்று இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டது.

விபத்து நடந்த பகுதியில், நல்லகால்வா அருகே, வனத்துறை ‘ஸ்மிருதி வனம்’ என்ற நினைவுத் தோட்டத்தை அமைத்திருக்கிறது. மரங்கள், சிலை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் வேட்பாளர் பட்டியலோடு யாரும் அங்கே போவதில்லை. உடல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அரசியல்.

இதை முதலில் புரிந்துகொண்டவர் மகன் ஜெகன்மோகன் ரெட்டி. காங்கிரஸிலிருந்து 2010 நவம்பரில் விலகியவர், 2011 மார்ச்சில் தன் புதிய கட்சியைத் தந்தையின் கல்லறை அருகேதான் தொடங்கினார். இரண்டே மாதத்தில் கடப்பா இடைத்தேர்தலில் 5.45 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2012-ல் சொத்துக் குவிப்பு வழக்கில் அவர் சிறைக்குப் போனபோது, தங்கை ஷர்மிளா அக்டோபர் 18-ம் தேதி இதே இடத்தில் வணங்கிவிட்டு இச்சாபுரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். அண்ணன் எய்த அம்பு என்று தன்னை அப்போது சொல்லிக்கொண்டார். 2017 நவம்பர் 6-ல் ஜெகன் தொடங்கிய 3,648 கிலோமீட்டர் நடைக்கும் இதுவே முதல் புள்ளி.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ராஜசேகர ரெட்டி 2003-ல் நடந்தபோது புறப்பட்ட இடம் ஐதராபாத்துக்கு அருகில் உள்ள செவெள்ளா. அங்கே அவர் குடும்பத்துக்குச் சொந்தமான நினைவு எதுவும் கிடையாது. வறட்சியால் வாடிய ஊர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நடந்தார். பிள்ளைகளும் அதே இச்சாபுரத்தைத்தான் இலக்காக வைத்துக்கொண்டார்கள். ஆனால் தொடங்கும் இடம் அப்பாவின் கல்லறையாகிவிட்டது.

2019 மார்ச் 15-ம் தேதி ராஜசேகர ரெட்டியின் தம்பி விவேகானந்த ரெட்டி புலிவெந்துலாவில் தன் வீட்டில் கொலை செய்யப்பட்டார். இரண்டு நாள் கழித்து ஜெகன் 175 சட்டப்பேரவைத் தொகுதிகளின் வேட்பாளர் பட்டியலை இடுபுலபாயாவில் வெளியிட்டார். 151 இடங்களில் வெற்றி. 2024 மார்ச் 16-ல் அதே இடத்தில் அதே சடங்கு. இம்முறை கிடைத்தது 11. கல்லறை ராசி எல்லா முறையும் பலிப்பதில்லை.

அதற்குள் அம்பு திரும்பிவிட்டிருந்தது. தெலங்கானாவில் தனிக்கட்சி நடத்திப் பார்த்த ஷர்மிளா, 2024 ஜனவரியில் காங்கிரஸில் சேர்ந்து ஆந்திர மாநிலத் தலைவரானார். பொறுப்பேற்கும் முன் அவர் வந்ததும் இடுபுலபாயாவுக்குத்தான். அண்ணன் பட்டியல் படித்த சில வாரங்களிலேயே காங்கிரஸ் வேட்பாளர்களின் பட்டியலை அவரும் அதே கல்லறையில் வைத்து வணங்கினார். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை: ராஜசேகர ரெட்டி சாகும்வரை காங்கிரஸ்காரர். ஜெகன் கட்சியைத் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. கடப்பா மக்களவைத் தொகுதியில் கொல்லப்பட்ட சித்தப்பாவுக்கு நியாயம் கேட்டு நின்ற ஷர்மிளாவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். மகளுக்குத் துணை நிற்பதற்காகத் தாய் விஜயம்மா 2022-லேயே மகன் கட்சியின் கௌரவத் தலைவர் பதவியை விட்டிருந்தார். 2024-ல் நிறுவனப் பங்குகள் தொடர்பாகத் தாய்க்கும் தங்கைக்கும் எதிராக ஜெகன் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனார். பங்குகளைப் பிரிக்கத் தீர்ப்பாயம் இருக்கிறது. கல்லறையைப் பிரிக்க வழி இல்லை. 2024 ஜூலை 8-ம் தேதி தந்தையின் 75-வது பிறந்த நாளுக்கு அண்ணனும் தங்கையும் வேறு வேறு நேரத்தில் வந்து மலர் வைத்துவிட்டுப் போனார்கள்.

மராட்டியத்தின் சத்தாரா மாவட்டத்தில் நிலைமை நேர்மாறு. கராடில் கிருஷ்ணா நதியும் கொய்னா நதியும் எதிரெதிராக வந்து முட்டிக் கலக்கும் இடத்துக்குப் ‘பிரீத்தி சங்கமம்’ என்று பெயர். அந்தக் கரையில் இருக்கிறது மாநிலத்தின் முதல் முதல்வர் யஷ்வந்த்ராவ் சவானின் சமாதி. 1962 சீனப் போரில் நாடு தடுமாறியபோது நேரு பாதுகாப்பு அமைச்சராக டெல்லிக்கு அழைத்துக்கொண்ட மனிதர். 1984 நவம்பர் 25-ல் மறைந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனாலேயே அந்தச் சமாதி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஒவ்வொரு நவம்பர் 25-ம் தேதியும் பல கட்சித் தலைவர்கள் அங்கே வருகிறார்கள். அவரை அரசியல் குருவாகச் சொல்லிக்கொள்ள ரத்த உறவு தேவையில்லை.

சரத் பவார் அதைத்தான் செய்தார். 2023 ஜூலை 2-ம் தேதி அண்ணன் மகன் அஜீத் பவார் கட்சியை உடைத்துக்கொண்டு போய்த் துணை முதல்வராகப் பதவியேற்றார். மறுநாள் குரு பூர்ணிமா. 82 வயது பவார் கராடுக்குப் போய்ச் சவான் சமாதியில் வணங்கி, கட்சியை மீண்டும் கட்டப் போவதாக அறிவித்தார். 2024 சட்டப்பேரவைத் தேர்தலில் அவருக்குப் பலத்த அடி. முடிவு வந்த இரண்டாம் நாள் நவம்பர் 25. பவார் குடும்பத்தின் இளையவர் ரோகித் பவாரும் அஜீத் பவாரும் சமாதியில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். ரோகித் காலைத் தொட்டு வணங்க, உன் தொகுதியில் நான் ஒரு கூட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தப்பா கேலி செய்தார். அது வெறும் கேலி இல்லை. ரோகித் ஜெயித்தது 1,243 வாக்குகளில்.

இவர்களெல்லாம் ஏன் ஊரில்? ஒரு காலத்தில் விவசாயிகளின் தலைவர்களும் டெல்லியில்தான் முடிந்தார்கள். மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சரண் சிங்குக்கு 1987-ல் கிசான் காட், ஹரியானாவின் தேவிலாலுக்கு 2001-ல் சங்கர்ஷ் ஸ்தல். ராஜ்காட்டை ஒட்டி இப்படியே போனால் யமுனைக் கரை முழுக்கச் சமாதிதான் என்ற நிலை வந்தது. 2013-ல் மத்திய அமைச்சரவை, குடியரசுத் தலைவர்கள், பிரதமர்கள் போன்றோருக்குப் பொதுவாக ஒரு நினைவிடம் என்று முடிவு செய்தது. மன்மோகன் சிங் 2024 டிசம்பரில் மறைந்தபோது நிகம்போத் காட் பொது மயானத்தில்தான் எரியூட்டப்பட்டார். நினைவிடத்துக்கு இடம் எங்கே என்று அதன் பிறகும் சர்ச்சை நடந்தது. மாநிலத் தலைவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்களுடைய வாக்குகளும் ஊரில்தான் இருக்கின்றன.

முலாயம் சிங் யாதவ் விஷயத்தில் அது உடனே தெரிந்தது. 2022 அக்டோபர் 11-ம் தேதி எட்டாவா மாவட்டத்தின் சைஃபையில், விழா நடக்கும் மேளா மைதானத்தில் அவருக்குச் சிதை மூட்டினார் அகிலேஷ். மருத்துவப் பல்கலைக்கழகமும் விமான ஓடுதளமும் இருக்கும் கிராமம் அது. எல்லாம் முலாயம் செல்வாக்கில் வந்தவை. ஆறு ஆண்டுகளாகப் பகைத்துக்கொண்டிருந்த சித்தப்பா சிவபால் அன்று அகிலேஷுக்கு அருகில் நின்றார். மைன்புரி இடைத்தேர்தலில் அகிலேஷின் மனைவி டிம்பிள் 2,88,461 வாக்கு வித்தியாசத்தில் வென்ற டிசம்பர் 8-ம் தேதியே சிவபால் தன் கட்சியைச் சமாஜ்வாதியில் கரைத்துவிட்டார். இடுபுலபாயா பிரித்ததைச் சைஃபை சேர்த்தது. அடுத்த ஆண்டு, முலாயம் பிறந்த நாளான நவம்பர் 22-ல், அங்கே நினைவிடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

பஞ்சாபின் பிரகாஷ் சிங் பாதல் 2023 ஏப்ரல் 25-ல் இறந்தார். ஐந்து முறை முதல்வர். பாதல் கிராமத்து மயானத்தில் வரப்போகும் கூட்டத்துக்கு இடம் போதாது என்று தெரிந்தது. குடும்பத்தின் சொந்தத் தோட்டத்தில் இரண்டு ஏக்கர் அளவுக்குக் கின்னோ ஆரஞ்சு மரங்களை அகற்றி இடம் செய்தார்கள். 27-ம் தேதி அங்கேயே எரியூட்டினார்கள்.