உரைக்கோப்பில் வாடகைக் கணக்கு: மட்டாஞ்சேரிக் குடியிருப்போர் அறிய வேண்டியவை

மட்டாஞ்சேரியின் பஜார் சாலையிலும் யூதத் தெருவைச் சுற்றியுள்ள சந்துகளிலும் வாடகைக் கட்டடங்களில் குடியிருப்போரும் சிறுதொழில் நடத்துவோரும், செலுத்திய வாடகைக்கும் முன்பணத்துக்கும் ரசீது பெறும் உரிமையைக் கேரளக் கட்டட (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1965 வழங்குகிறது. ரொக்கமாகக் கொடுத்து வாய்மொழியில் முடித்துக்கொள்ளும் பழக்கத்தில் அவ்வுரிமை கேட்பாரற்றுப் போகிறது. பாக்கி இருப்பதாகக் கட்டட உரிமையாளர் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பினால், அது கிடைத்த 15 நாள்களுக்குள் தொகையை வட்டியுடன் செலுத்தத் தவறுபவரை வெளியேற்றக் கோரி உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தை அணுகலாம் என்பதால், எந்த மாதம் எவ்வழியில் பணம் போனது என்பதை உடனே எடுத்துக்காட்டும் குறிப்பு இன்றியமையாததாகிறது.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. அலங்காரமின்றி எழுத்துகளை மட்டும் சேமிக்கும் உரைத்தொகுப்பியே போதும். விண்டோஸுடன் வரும் நோட்பேடில், கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியும் அதையொட்டி எல், ஓ, ஜி என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் இட்டுச் சேமித்தால், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய நாளும் நேரமும் கடைசியில் தாமாகவே பதிவாகும். விம், ஈமாக்ஸ் போன்ற தொகுப்பிகளில் மேக்ரோ என்னும் வசதி, அதாவது விசையழுத்தங்களின் தொடரை ஒருமுறை பதிந்து வேண்டியபோதெல்லாம் மீண்டும் இயக்கும் முறை, வங்கிக் குறுஞ்செய்திகளை நாள், தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண் என வரிசைப்படுத்தித் தருகிறது. கோப்பை யூனிகோடில் சேமிப்பது நல்லது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இவ்வூரில் இரண்டும் ஒரே கோப்பில் நிற்கும், பழைய எழுத்துருக்களை நம்பித் தட்டச்சு செய்த கோப்புகள் இன்று கிறுக்கலாகத் தெரியும் நிலையும் நேராது.

ஆனால் தானாக விழும் நாள் கணினிக் கடிகாரம் காட்டும் நாள் மட்டுமே. கடிகாரத்தையும் மாற்றலாம், வரியையும் திருத்தலாம். தொழில்முறையில் ஒழுங்காகப் பேணப்பட்ட கணக்கேடுகளின் பதிவுகள், மின்னணு வடிவில் இருந்தாலும், வழக்குக்குத் தொடர்புடையவை என்று கூறும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023 என்னும் சான்றுச் சட்டம், அவை மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதா என்றும் வரையறுக்கிறது. ஜெயின் ஹவாலா நாட்குறிப்புகள் பற்றிய சி.பி.ஐ. எதிர் வி.சி. சுக்லா வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் உதிரித் தாள்களைக் கணக்கேடாகவே ஏற்கவில்லை. ஏட்டில் இருந்த பதிவுகளுக்கும் தனிச் சான்றின் துணை வேண்டும் என்றது. எனவே குறிப்பின் வலிமை அதன் நேர்த்தியில் இல்லை, அது சுட்டும் வங்கிப் பதிவில் இருக்கிறது.

மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைப்போர் அச்சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அளிக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அவ்வடையாளக் குறியீடு, ஓர் எழுத்து மாறினாலும் வேறாகிவிடும். ஆகவே முடிவின்றி வளரும் ஒரே கோப்பைவிட, மாதக் கடைசியில் மூடி, ஹாஷ் கணக்கிட்டு, அம்மதிப்பைத் தம் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைக்கும் மாதவாரிக் கோப்புகள் மேலானவை. பிழை தெரிந்தால் பழைய வரியை அழிக்காமல், புதிய நாளிட்டுத் திருத்தம் எழுதுவதே முறை.

தானியக்கம் ஆபத்தையும் கொண்டுவரும். விம் தொகுப்பியில் 2019இல் கண்டறியப்பட்ட ஒரு குறைபாட்டால், தீய நோக்கில் அமைக்கப்பட்ட உரைக்கோப்பைத் திறந்தாலே கணினியில் அந்நியக் கட்டளைகள் இயங்கக்கூடும் என்ற நிலை இருந்தது. புதிய பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. தொகுப்பிகள் பின்னணியில் உருவாக்கும் காப்பு நகல்கள், மூலக்கோப்பை அழித்த பின்பும் தங்கிவிடுவதுண்டு. அவற்றில் கடவுச்சொல்லும் ஏ.டி.எம். ரகசிய எண்ணும் எழுதியிருந்தால் விளைவு கடுமையானது. மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த மின்னணு மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று வகுத்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, ரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்ந்தது போன்ற சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை அவரே ஏற்க வேண்டும் என்றது. அதற்குப் பிந்திய இழப்பு வங்கியைச் சேரும் என்பதால், 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணிலும் வங்கியிலும் புகார் சொன்ன மணியும் நிமிடமும் புகார் எண்ணும் அன்றே கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.