பணம் கட்டியும் கைதியா? முதியோர் இல்லங்களில் முணுமுணுப்பு!

காலை ஆறு மணிக்குக் காபி. எட்டரைக்கு இட்லி. மத்தியானம் சாப்பாடு. ராத்திரி ஏழு மணிக்குக் கதவு பூட்டு!

முதியோர் இல்லங்கள் பலவற்றில் பொழுது இப்படித்தான் போகிறது. "சோறு போடுறாங்க, படுக்க இடம் குடுக்குறாங்க. அப்புறம் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு.

நல்லபடியாக நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. மறுப்பதற்கில்லை. ஆனால் எல்லா இடமும் அப்படி அல்ல.

ஆபீசில் 'சார்' என்று அழைக்கப்பட்டவரை, பேரன் வயது ஊழியர் "ஏ பெருசு!" என்கிறார். கல்யாணப் பந்திக்கே சமைத்துப் போட்ட அம்மாள் ஒரு வாய் மோர் கேட்டால், "இப்ப டைம் இல்லே" என்று பதில். கதவைச் சாத்தாமல் குளிப்பாட்டுவது, பென்ஷன் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் ஆபீஸ் அறையில் 'பத்திரமாக' வைத்துக்கொள்வது... இப்படியும் நடக்கிறது.

வாய் திறக்காதது ஏன்?

"புகார் சொன்னா, நாளைக்கு யாரு என்னை பாத்ரூமுக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவா?"

இந்த ஒரு பயம்தான் பெரியவர்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. பிள்ளைகள் வந்தாலும், "நல்லா இருக்கேன்பா" என்று முடித்துவிடுகிறார்கள்.

சட்டம் துணை உண்டு

பணம் கட்டித் தங்குபவர் ஒரு வாடிக்கையாளர். சேவையில் குறை இருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் கமிஷனில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை.

விருப்பமில்லாமல் ஒருவரை அறையில் அடைத்து வைப்பது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 127-வது பிரிவு அதற்குத் தண்டனை சொல்கிறது. வயதாகிவிட்டது என்பது பூட்டுப் போடுவதற்குக் காரணம் ஆகாது.

விட்டுப் போன பிள்ளைகளுக்கும் சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ. தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து, மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். தாங்களே போகமுடியாதவர்கள் வேறொருவர் மூலமும் கொடுக்கலாம். பெரியவர்களை அடியோடு கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுச் சென்றால், 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

யோசனை கேட்கவும் புகார் சொல்லவும் 14567 என்ற நம்பருக்குக் கட்டணமில்லாமல் போன் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளே!

ஆப்பிள் பையோடு சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்கு விரிப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். சாப்பாட்டு வேளையில் போங்கள். கை நகத்தைப் பாருங்கள். முதுகில் படுக்கைப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

அப்புறம் வாசல் மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போய், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"அம்மா, இங்கே உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க?"

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.