பழைய வேகக் காருக்குப் பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது?

1986இல் தயாரிப்புக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 காரின் டயர் அளவு 205/55 ஆர்15. இதில் 205 டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், 55 பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதையும், 15 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன.

கணக்கிட்டுப் பாருங்கள்: சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ 607 மி.மீ. வரும். ரிம்மை மட்டும் 16 அங்குலமாக மாற்றினால் அது 632 ஆகிவிடும்.

தாத்தாவும் குட்டிப் பேரனும் ஆளுக்கு நூறு எட்டு வைத்தால் யார் முன்னே நிற்பார்? எட்டு நீளமான தாத்தாதான். ஸ்பீடோமீட்டர் எட்டுகளை, அதாவது சுழற்சிகளை மட்டுமே எண்ணுகிறது. எட்டு நீண்டுவிட்டதை அது அறியாததால், முள் பழைய இடத்திலேயே நிற்க, கார் நான்கு விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடுகிறது. இழுவையும் அதே அளவு மந்தமாகிறது.

எனவே ரிம் வளரும்போது பக்கச்சுவர் குறைய வேண்டும். 225/45 ஆர்16 டயரின் உயரம் 609 மி.மீ. மட்டுமே என்பதால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. 113 மி.மீ. பக்கச்சுவர் 101 ஆகச் சுருங்குவதால், வளைவில் டயர் குறைவாகவே நெளிந்து ஸ்டீயரிங்குக்கு உடனே கட்டுப்படுகிறது. எனினும் பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் வேலை, முதுமையடைந்த சஸ்பென்ஷன் ரப்பர்களின் தலையில் விழுகிறது. பந்தயத் தடத்திற்குச் செல்லாத காருக்குத் தொழிற்சாலை தந்த அளவே பெரும்பாலும் போதுமானது.